மாகோவில் இறங்குங்கள்: யாப்பகுவவுக்கு ஒரு நாள் பயணம்

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து ஊருக்குப் போகிற நாங்கள் எல்லோரும் மாகோவைத் தாண்டித்தான் போகிறோம். யாழ்ப்பாணம் என்றாலும் மட்டக்களப்பு என்றாலும் திருகோணமலை என்றாலும் கோச்சிப் பாதை பிரிகிற சந்தி அதுதான். கோச்சி நிற்கும். வடைக் கூடையோடு ஒருவர் ஏறுவார். யாரோ ஒரு பிள்ளை "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கும். பிறகு பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்துவிடும். அந்த நிலையத்தில் இருந்து ஓட்டோவில் பத்துப் பதினைந்து நிமிடத் தூரத்தில், 13ஆம் நூற்றாண்டில் ஓர் அரசன் தன் தலைநகராக வைத்திருந்த யாப்பகுவ இருக்கிறது. இன்று அது வயலும் தென்னையுமாக ஒரு கிராமம். நடுவில் 90 மீற்றர் அளவு உயரத்தில் தனியாக எழுந்து நிற்கிற ஒரு பாறை.

நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் 26 வருடம் வரலாறு படிப்பித்தவள். பொலன்னறுவை, தம்பதெனிய, யாப்பகுவ, குருநாகல், கம்பளை, கோட்டை என்ற வரிசையைக் கரும்பலகையில் எழுதி, தலைநகரங்கள் தென்மேற்கு நோக்கி நகர்ந்தன என்று ஒரு வரி சொல்லி, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். ஒரு நாள் பத்தாம் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்த பிள்ளை வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ரீச்சர், தம்பதெனியாவில இருந்து யாப்பகுவ வடக்கத்தானே இருக்கு? நீங்க அங்க போய்ப் பார்த்தனீங்களோ?" முதல் கேள்விக்கு ஓம் என்றேன், ஏன் என்று விளக்கவில்லை. இரண்டாவதற்கு இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றும்போதும் அந்த இல்லை எனக்குள் நின்றது.

அதற்குப் பிறகு ஐந்து தடவை போயிருக்கிறேன். முதல் தடவை ஒரு வானில், உச்சி வெயிலில், முக்கால் மணி நேரத்தில் பார்த்து முடித்தோம். படியின் அடியில் நின்று படம் எடுத்தோம், அவ்வளவுதான். கடைசித் தடவை என் பேரனோடு, கோச்சியில், நாள் முழுக்க நின்று பார்த்தேன். இங்கே எழுதுவது அந்த ஐந்தாவது பயணத்தின் முறை. வான் பிடிக்காமல், விடியப் போய் இரவுக்கு வீடு திரும்ப நினைக்கிற கொழும்புக் குடும்பங்களுக்கு இது உதவும்.

முதலில் கறுவாத்தோட்டம்

யாப்பகுவவின் மிக அழகான கல் யாப்பகுவவில் இல்லை, கொழும்பில் இருக்கிறது. ஆகவே பயணத்துக்கு முந்திய கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய நூதனசாலைக்குப் போங்கள். 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தில் யாப்பகுவ அரண்மனை வாசலில் இருந்து கொண்டுவந்த கல் யன்னல் இருக்கிறது. அறைகளில் பொருட்களை மாற்றி வைப்பதுண்டு, தேடி அலைய வேண்டாம். காவலில் இருப்பவரிடம் "யாபஹுவ கவுளுவ கொஹெத?" என்று கேளுங்கள். கவுளுவ என்றால் சிங்களத்தில் யன்னல். உடனே கை காட்டுவார்.

ஒரே பலகைக் கல். அதை 40க்கு மேற்பட்ட வட்டங்களாகத் துளைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் உருவம்: ஆடுகிறவள், வாத்தியம் வாசிக்கிறவன், குள்ளன், அன்னம், விலங்கு. ஒரு வட்டம் உடைந்தாலும் முழுக் கல்லும் வீணாகியிருக்கும். அந்தச் சிற்பி மரத்தைக் குடைவது போலக் கல்லைக் குடைந்திருக்கிறான். பேரனிடம் ஒரு பென்சிலும் கொப்பித் தாளும் கொடுத்து, பிடித்த ஒரு வட்டத்தைக் கீறச் சொன்னேன். கால் மடக்கி ஆடும் ஒரு பெண்ணைக் கீறினான். அந்தத் தாளை மடித்துப் பயணப் பையில் வைத்துக்கொண்டோம். இதை நீங்களும் செய்யுங்கள். ஏன் என்பது படிக்கட்டுக்குப் போனதும் தெரியும்.

அங்கே நிற்கும்போதே காலி மும்மொழிக் கல்வெட்டையும் பார்த்துவிடுங்கள். 1409ஆம் ஆண்டுத் தேதி இட்ட அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. யாப்பகுவவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிந்தியது. ஆனால் யாப்பகுவவில் தோண்டியபோதும் சீனக் காசுகளும் சீன மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. கடலில் இருந்து இத்தனை தூரம் உள்ளே, காட்டுக்கு நடுவே இருந்த ஒரு பாறை நகரத்துக்குச் சீனக் காசு வந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு இந்தக் கல்லுக்கு முன்னால் வைத்துச் சொன்னால் நன்றாகப் பதியும்.

கோச்சி

காலை வேளையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இருந்து வடக்குக்கும் மட்டக்களப்புக்கும் போகும் வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் இரண்டு நாள் முதலே நிலையத்தின் விசாரணைப் பகுதியில் கேட்டு வையுங்கள். நகர்சேர் கடுகதி என்றால் மாகோவில் நிற்குமா என்று கட்டாயம் கேளுங்கள். வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்குக் கரையோரக் கோச்சியும் உண்டு, காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸும் உண்டு. விடிய நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினால் எல்லாம் சரியாக வரும்.

பதிவு செய்த இருக்கைகளை யாழ்ப்பாணம் வரை போகிறவர்கள் முன்பே எடுத்து விடுவார்கள். மாகோ வரை மூன்று மணி நேரம் அளவில்தான். இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ, பதிவில்லாத டிக்கட் போதும். ராகமையில் ஏறுகிறவர்களுக்கு முன் உட்கார்ந்துவிட வேண்டும், அதற்குக் கோட்டையில் அரை மணி முந்தி நில்லுங்கள்.

சாப்பாட்டை வீட்டில் இருந்தே கொண்டு போங்கள். நான் புட்டும் பொரித்த கத்தரிக்காயும் கட்டச் சம்பலும் வாழையிலையில் சுற்றிக் கொண்டு போவேன். இடியப்பம் வேண்டாம், பகல் வெக்கையில் ஒட்டிப் போகும். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். தொப்பி. பிடிப்பான அடி உள்ள சப்பாத்து. இரண்டாவது பையில் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ தோளையும் முழங்காலையும் மறைக்கிற ஓர் உடுப்பு, அது பிறகு விகாரைக்குத் தேவைப்படும். தை முதல் பங்குனி வரை போவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் படிகள் வழுக்கும்.

மாகோவில் இறங்கியதும் நிலைய வாசலிலேயே ஓட்டோக்கள் நிற்கும். ஏற முதல் விலை பேசுங்கள்: "யாபஹுவட யன்ன கீயத?" சிங்களம் தடக்கினாலும் பரவாயில்லை, நீங்கள் முயன்றாலே சிரித்துக்கொண்டு பேசுவார்கள். திரும்பி வரும் நேரத்தையும் அப்போதே சொல்லி, சாரதியின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். "ஹவஸ துனட என்ன புளுவந்த?" என்றால் பின்னேரம் மூன்று மணிக்கு வர முடியுமா என்று அர்த்தம். கிராமத்துக்குள் திரும்பும் ஓட்டோ எப்போதும் கிடைக்கும் என்று நம்பி நிற்க வேண்டாம்.

அகழியில் தொடங்குங்கள்

வண்டிகள் நேரே டிக்கட் கொடுக்கும் இடம் வரை ஓடிவிடும். அப்படி ஓடும்போது ஒரு தலைநகரத்தின் மதிலையும் அகழியையும் கடந்து வந்தது தெரியாமலே போய்விடும். முதல் தடவை எங்களுக்கு நடந்தது அதுதான். சாரதியிடம் வெளி மதிலடியில் நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து நடங்கள். பாறையின் அடிவாரத்தைச் சுற்றி அரை வட்டமாக அகழி, அதை ஒட்டி மதில், அதற்கும் உள்ளே மறுபடியும் ஓர் அகழியும் மதிலும். பின்பக்கம் பாறையே காவல். கையால் காட்டிப் பிள்ளைகளைக் கேளுங்கள்: "நீ எதிரி என்றால் எந்தப் பக்கத்தால் வருவாய்?" என் பேரன் கொஞ்ச நேரம் பாறையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வரமாட்டன் அம்மம்மா" என்றான்.

அந்த மாணவியின் முதல் கேள்விக்கு விடை இந்த மதிலில்தான் இருக்கிறது. 1215இல் கலிங்க மாகன் பொலன்னறுவையைப் பிடித்தபோது, சுப என்ற சேனாதிபதி இந்தப் பாறையில் அரண் அமைத்து ஒதுங்கினான். பாளி நூல்கள் இதைச் சுபகிரி, சுபபர்வதம் என்பது அதனால்தான். பிறகு தம்பதெனியாவில் இரண்டாம் பராக்கிரமபாகு ஆண்ட காலத்தில், வடக்கில் இருந்து வரும் படைகளை மறிக்க அவனுடைய மகன் புவனேகபாகு இங்கே இருத்தப்பட்டான். மலாய்த் தீபகற்பத்தில் இருந்து படையெடுத்து வந்த சாவகன் சந்திரபானு பாண்டிய, சோழ நாட்டு வீரர்களையும் சேர்த்துக்கொண்டு இரண்டாம் தடவை வந்தபோது இந்தப் பாறையடி வரைக்கும் வந்து தோற்றான். அடுத்து அரசனான நான்காம் விஜயபாகுவை அவனுடைய சேனாதிபதி மித்தனே கொலை செய்வித்தபோது, தம்பி புவனேகபாகு உயிர் தப்பி ஓடி வந்த இடமும் இதுதான். அவன் முதலாம் புவனேகபாகுவாக 1272இல் ஆட்சிக்கு வந்தான், 1284 வரை ஆண்டான். தம்பதெனியாவில் சில காலம் இருந்துவிட்டு, தன்னைக் காப்பாற்றிய பாறைக்கே தலைநகரைக் கொண்டு வந்தான். வரைபடத்தில் ஒரு நகரம் ஏன் பின்னோக்கி வடக்கே போயிற்று என்று நான் 26 வருடம் யோசிக்கவில்லை. அகழிக் கரையில் நின்றபோது ஒரு நிமிடத்தில் விளங்கியது.

இந்த அகழி நடைக்கு அரை மணி நேரம் வையுங்கள். அதற்குப் பிறகு டிக்கட்.

படிக்கட்டு

மூன்று அடுக்காக ஏறுகிற படி. கடைசி அடுக்குத்தான் அலங்காரமானது, செங்குத்தானதும் அதுதான். ஒவ்வொரு படியும் உயரம், பாதம் வைக்கும் அகலமோ குறைவு. முழங்கால் நோ உள்ளவர்கள் பக்கவாட்டில் திரும்பி ஏறுங்கள், இறங்கும்போதும் அப்படியே. அவசரப்பட வேண்டாம். என் கணவர் இரண்டாவது அடுக்கோடு நிழலில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே சிங்கங்கள் தெரியும், அது வீண் பயணம் இல்லை.

அந்தச் சிங்கங்களைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பிதுங்கிய கண்ணோடு வாய் திறந்து உட்கார்ந்திருக்கும். வீட்டில் பழைய பத்து ரூபாய்த் தாள் இருந்தால் கொண்டு வாருங்கள், 1991இல் வந்த தாளில் இந்தச் சிங்கம் இருக்கிறது. நாங்கள் எத்தனை வருடம் பாண் வாங்கக் கொடுத்த தாள்! பல பேர் இதைச் சீனச் சிங்கம் போல இருக்கிறது என்பார்கள். எனக்குக் கோயில் யாளியின் முகச்சாயல்தான் முதலில் தெரிந்தது. இரண்டையும் பிள்ளைகளிடம் சொல்லி, அவர்களே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி அந்த மடித்த தாளை எடுங்கள். வாசல் மண்டபத்தின் அடித்தளத்தில் ஆடுகிறவர்களும் மேளம் அடிக்கிறவர்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். நூதனசாலையில் கீறிய உருவத்தின் கால் மடிப்பையும் கை வீச்சையும் இங்கே தேட வேண்டும். பேரன் இருபது நிமிடம் தேடினான். ஒரே மாதிரி ஒன்றைக் கண்டதும் அவன் போட்ட சத்தத்துக்கு மேலே இருந்த குரங்குகள் சிதறின. அந்த இருபது நிமிடத்தில் அவன் பார்த்ததைப் போல நான் என் முதல் பயணத்தில் எதையும் பார்க்கவில்லை.

தூண்களையும் அடித்தளத்தின் வரி வரியான கட்டுகளையும் கவனியுங்கள். தென்னிந்தியக் கோயில்களைச் சுற்றி வந்தவர்களுக்கு அவை பழகிய முகங்கள். பௌத்த அரசன் ஒருவன் புத்தரின் பல்லான புனித தந்தத்தை வைத்த மாளிகைக்குப் போகும் வாசல் இது, ஆனால் கல்லின் பேச்சு பாண்டி நாட்டுப் பேச்சு. இதைக் கொழும்பில் வளரும் நம் பிள்ளைகள் கையால் தொடாமல், கண்ணால் நின்று பார்க்க வேண்டும். தொட வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். ஓரங்கள் ஏற்கெனவே மழுங்கிப் போயிருக்கின்றன. சிங்கத்தின் மேல் ஏறிப் படம் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும்.

படி முடிகிற மேடையில் தந்த மாளிகையின் அத்திவாரங்கள் மட்டும் மிச்சம். அங்கே நிழல் பார்த்து உட்காருங்கள். இந்த அரசன் 1283இல் எகிப்து சுல்தானுக்குத் தூது அனுப்பியதை நான் அங்கே வைத்துத்தான் சொல்வேன். கடிதம் கெய்ரோ வரை போயிற்று. அதில் இருந்த எழுத்தை வாசிக்க அங்கே ஒருவரும் இல்லாததால் தூதர்கள் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. முத்தும் யானையும் கறுவாவும் தன்னிடம் உண்டு, வணிகம் செய்வோம் என்பதுதான் செய்தி. கீழே தெரிகிற வயல்களைக் காட்டி, இங்கிருந்துதான் அந்தத் தூது புறப்பட்டது என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் பேசாமல் இருந்து கேட்பார்கள்.

பிள்ளைகள் கேட்கிற கேள்வி

தந்தம் இங்கே இருந்தது என்றால் இப்போது ஏன் கண்டியில், என்று கேட்பார்கள். இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லத் தயாராகப் போங்கள்.

புவனேகபாகு இறந்த பின் பஞ்சம் வந்தது. அந்தச் சமயம் பாண்டிய அரசர்கள் ஆரியச்சக்கரவர்த்தி என்ற தலைவனின் கீழ் படை அனுப்பினார்கள். அந்தப் படை நாட்டைச் சூறையாடி, இந்த அரணுக்குள் புகுந்து, தந்தத்தையும் பெறுமதியான எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் குலசேகர பாண்டியனிடம் கொடுத்தது. சூளவம்சம் என்ற பாளி வரலாற்று நூல் இதை எழுதி வைத்திருக்கிறது. ஆரியச்சக்கரவர்த்தி என்பது யாழ்ப்பாண அரசர்களின் பட்டமாகவும் இருந்ததால், இந்த இடத்தில் வகுப்பில் என் குரல் தாழ்ந்துவிடும். அவசரமாகக் கடந்து போவேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்து வந்த மூன்றாம் பராக்கிரமபாகு, சண்டையால் அதை மீட்க முடியாது என்று கண்டு, சில வீரர்களோடு தானே பாண்டி நாட்டுக்குப் போனான். நாள்தோறும் குலசேகரனோடு உரையாடி, அவனை மகிழ்வித்து, தந்தத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு பொலன்னறுவைக்கு வந்தான். எடுத்ததைச் சொல்லும்போது கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டும் அதே ஏட்டில்தான் இருக்கின்றன.

என் நான்காவது பயணத்தில் இதே மேடையில் ஒரு சிங்களப் பாடசாலையின் ஆசிரியை தன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டதைக் கண்டு, நீங்களும் ரீச்சரா என்று கேட்டார். எங்கள் இரண்டு பாடப் புத்தகத்திலும் இது எத்தனை வரி வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தோம். மூன்றாம் பராக்கிரமபாகுவின் உரையாடலைத் தான் ஒருபோதும் விடுவதில்லை என்றார். அன்றிலிருந்து நானும் விடுவதில்லை.

உச்சியும் குகையும்

மேடையோடு திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். வெயில் ஏறாமல் இருந்தால் உச்சிக்குப் போங்கள். பாதை கரடு, ஆனால் போகலாம். மேலே ஒரு தூபியின் எச்சமும் சில கட்டட அடையாளங்களும் உண்டு. காற்று நன்றாக வீசும், குருநாகல் மாவட்டத்தின் வயலும் குளமும் கண்ணுக்கு எட்டிய வரை கிடக்கும். பதினொரு மணிக்குப் பிறகு பாறை சுடத் தொடங்கும், சிறு பிள்ளைகளோடு அப்போது ஏற வேண்டாம்.

இறங்கி வந்து உடுப்பை மாற்றிக்கொண்டு அடிவாரத்துக் குகை விகாரைக்குப் போங்கள். செருப்பும் தொப்பியும் வெளியே. பூட்டியிருந்தால் பக்கத்து மடத்தில் ஹாமுதுருவோவிடம், அதாவது பிக்குவிடம், பணிவாகக் கேட்டால் திறந்து விடுவார்கள். பழைய சுவர் ஓவியங்களுக்கு ஃபிளாஷ் அடிக்க வேண்டாம், புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கவும் வேண்டாம். உண்டியலில் ஏதாவது போடுங்கள். சிறிய காட்சிச்சாலையை அரை மணியில் பார்த்துவிடலாம். பௌர்ணமி நாளில் சனம் அதிகம், அன்று போவதைத் தவிருங்கள்.

சாப்பாட்டை மர நிழலில் பிரியுங்கள், பையைத் திறந்து வைக்காதீர்கள், குரங்குகள் காத்திருக்கும். வாழையிலையை மட்டுமல்ல, பிளாஸ்டிக் போத்தலையும் திருப்பிக் கொண்டு வாருங்கள். பாதையோரத்தில் செவ்விளநீர் விற்றால் வாங்கிக் குடியுங்கள்.

திரும்பும் வழி

மூன்று மணிக்கு ஓட்டோ வந்தால் மூன்றரைக்குள் மாகோ நிலையத்தில் இருக்கலாம். கொழும்புக்குப் போகும் அடுத்த வண்டி எந்த மேடைக்கு வரும் என்று கேட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள். சந்தி நிலையம் என்பதால் வடக்கில் இருந்து வருவதும் கிழக்கில் இருந்து வருவதும் குழம்பும். இரண்டும் கொழும்புக்குத்தான் போகும், முதலில் வருவதில் ஏறுங்கள்.

இருக்கை கிடைக்காது. வண்டி ஊரில் இருந்தே நிரம்பி வரும், மேல் தட்டில் பனங்கிழங்குக் கட்டும் முருங்கைக்காய்ச் சாக்கும் இருக்கும். உள்ளே நடந்து, குருநாகலில் இறங்குகிறவர்கள் யார் என்று கேட்டு, அவர்கள் பக்கத்தில் நில்லுங்கள். கடைசித் தடவை அப்படி எனக்கும் பேரனுக்கும் ஓர் இடம் கிடைத்தது. எதிரில் இருந்த கொடிகாமத்து அம்மா எங்கள் புழுதிக் காலைப் பார்த்துவிட்டு, "இதில ஏன் ஏறினீங்கள், இங்க ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். பேரன் பையில் இருந்து தன் தாளை எடுத்து அவர் மடியில் விரித்து வைத்துச் சொல்லத் தொடங்கினான். பொல்காவலை தாண்டும் வரை அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.